‘எல்லோரும்’ என்னும் சொல்லின் எல்லை

ஆசிரியத் தொழிலிற் காலங்கழித்தவர்களின் வாயில் நாள்தோறும் பயிலும் சொற்களுள் ‘எல்லோரும்’ என்பதும் ஒன்று. ‘எல்லோரும் எழுந்து நில்லுங்கள்’, ‘எல்லோரும் கொப்பியை எடுங்கள்’, ‘எல்லோரும் நாளைக்கு ஒரு படம் வரைந்து கொண்டு வாருங்கள்’ என்று கட்டளையிடுகின்றோம். கட்டளையிட்டபின் கரும்பலகையின் பக்கம் திரும்பிவிடுகின்றோம். கடைசி வாங்கிலே, கொப்பி வாங்க வசதியில்லாத ஒரு பிள்ளை, பக்கத்திலிருப்பவனின் கொப்பியை எட்டிப் பார்த்தவாறு தலைகுனிந்திருப்பதை நாம் காண்பதில்லை. ‘எல்லோரும்’ என்று நாம் சொன்னது பொய்யன்று. நம் கருத்தில் அந்தப் பிள்ளையும் அடங்கியே இருந்தது. ஆனால், நம் சொல் அந்தப் பிள்ளை இருந்த வாங்குவரை சென்று சேரவில்லை.

நாட்டு வாழ்விலும் இத்தகைய நிகழ்ச்சிகள் உண்டு. ‘எல்லோரும் சமம்’ என்று சட்டமியற்றுவோர் எழுதுகின்றனர். அவர்கள் உண்மையான மனத்தோடும் எழுதலாம். ஆயினும், அந்தச் சொல் எங்கோ ஓரிடத்தில் நின்றுவிடுகின்றது. அது நின்ற இடத்துக்கு அப்பாலும் மனிதர் வாழ்கின்றனர். இலங்கையிலே சமத்துவம் என்னும் இலட்சியம் கடந்த நூறு ஆண்டுகளாக எவ்வாறு நடைபோட்டு வந்திருக்கின்றது என்று ஆராயுமிடத்து, அது பெரும்பாலும் இந்த ‘எல்லோரும்’ என்னும் சொல்லின் எல்லை சிறிது சிறிதாக விரிந்த வரலாறாகவே காணப்படுகின்றது. அவ்வரலாற்றின் சில கட்டங்களையே இன்று உங்கள்முன் வைக்க விரும்புகின்றேன்.

முதலிற் சமத்துவம் என்பது யாது என்பதைத் தெளிந்துகொள்வோம். ‘ஐந்து விரலும் ஒன்றா?’ என்று கேட்பாருளர். அவர்கள் சொல்வது உண்மையே. விரல்கள் நீளத்தால் வேறுபட்டவை. செய்யும் தொழிலாலும் வேறுபட்டவை. ஆயினும், எந்த விரலில் முள் தைத்தாலும் வலிப்பது ஒரே உடல்தான். சிறுவிரல் சிறிதாயிற்றே என்று எவரும் அதற்கு மருந்திடாமல் விடுவதில்லை. சமத்துவம் என்பது எல்லோரையும் ஒரே நீளத்துக்கு வெட்டுவதன்று. எவருடைய வலியும் குறைந்த வலியென்று கொள்ளாதிருத்தலாம். நடைமுறையில் அதனை மூன்று கூறாக வகுத்துப் பார்க்கலாம். சட்டத்தின்முன் சமமாக இருத்தல் ஒன்று. முன்னேறுவதற்கான வாய்ப்பிற் சமமாக இருத்தல் மற்றொன்று. மனிதனை மனிதன் மதிக்கும் மதிப்பிற் சமமாக இருத்தல் மூன்றாவது. இவற்றுள் முதலாவதை ஒரு நாளில் எழுதிவிடலாம். மற்றை இரண்டும் ஒரு நாளில் வருவன அல்ல.

இனி, ஒரு வாங்கின் கதையைக் கேளுங்கள்.

யாழ்ப்பாணக் குடாநாட்டிற் கல்வி முற்பட்டுப் பரவியது என்று நாம் பெருமை கொள்கின்றோம். அந்தப் பெருமைக்கு நியாயமுண்டு. ஆனால், அப்பாடசாலைகளிலேயே ஒரு காலத்தில், தாழ்த்தப்பட்ட சாதியினர் எனப்பட்டோரின் பிள்ளைகள் வாங்கில் இருக்க விடப்படவில்லை. பல இடங்களில் அவர்கள் சேர்த்துக்கொள்ளப்படவேயில்லை. சேர்த்துக்கொள்ளப்பட்ட இடங்களிலும் நிலத்திலே இருந்து படித்தார்கள். ஒரே ஆசிரியர், ஒரே பாடம், ஒரே கூரை. ஆனால், ஒருவன் வாங்கிலும் மற்றவன் தரையிலும் இருந்தான். தரையிலிருந்த பிள்ளை அன்று கற்ற முதற்பாடம் நெடுங்கணக்கன்று. தன் இடம் எதுவென்பதே.

இந்நிலையை மாற்ற முன்வந்தோருள் அக்காலத்து இளைஞர் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கவர்கள். 1924ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தில் மாணவர் காங்கிரஸ் ஒன்று தோன்றியது. பின்னர் அது வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர் பெற்றது. அதன் தூண்களுள் ஒருவரான ஹன்டி பேரின்பநாயகம் ஓர் ஆசிரியர். 1927ஆம் ஆண்டு காந்தியடிகள் யாழ்ப்பாணத்துக்கு வந்தது இவ்விளைஞரின் அழைப்பை ஏற்றேயாகும். சாதி ஒழிப்பு, சமபந்தி போசனம், பாடசாலையிற் சம ஆசனம் என்பன இவர்களின் கொள்கைகளுள் அடங்கியிருந்தன.

1930ஆம் ஆண்டையொட்டி, அரசாங்க உதவிப் பணம் பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் அளிக்கப்படவேண்டும் என்று கல்விப் பகுதியினர் விதித்தனர். அதற்கு எழுந்த எதிர்ப்போ கொடியதாயிற்று. விண்ணப்பங்கள் எழுதப்பட்டன, பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்ப மறுத்தனர், சில பாடசாலைகள் தீக்கிரையாக்கவும்பட்டன. ஒரு சிறுவன் மற்றொரு சிறுவனுக்குப் பக்கத்தில் இருந்துவிடுவானே என்பதற்காகப் பாடசாலையையே எரிக்கத் துணிந்தவர்கள் நம் முன்னோருள் இருந்தனர் என்பதை நாம் மறைக்கலாகாது. பிறர் நமக்கிழைத்த சமத்துவக்கேட்டைப் பேசும் உரிமை நமக்குண்டு. நாம் பிறர்க்கு இழைத்ததை ஒப்புக்கொள்ளும்போதே அவ்வுரிமை முழுமை பெறும்.

எரிந்த கூரைகள் மீண்டும் வேயப்பட்டன. வாங்குகள் காலப்போக்கிற் பொதுவாயின. ஆயினும், பாடசாலை வாங்கிற் கிடைத்த சமத்துவம் தேநீர்க்கடை வாங்குக்கும் கோயில் வீதிக்கும் போய்ச்சேரப் பின்னும் பல ஆண்டுகள் சென்றன. சாதியைக் காரணங்காட்டிப் பொது இடங்களில் ஒருவரைத் தடுப்பது குற்றம் என்று கூறும் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957ஆம் ஆண்டில் நிறைவேறியது. அதற்குப் பதினொரு ஆண்டுகள் கழித்து, 1968ஆம் ஆண்டிலும், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலின் வாயிலில், உள்ளே சென்று வழிபட உரிமை கேட்டு மக்கள் நிற்கவேண்டியிருந்தது. சட்டப் புத்தகத்தில் எழுதப்பட்ட சமத்துவம் கோயில் வாயிலைக் கடப்பதற்கு, அதன்பொருட்டு அடியும் உதையும் பட்ட மனிதர்கள் தேவைப்பட்டார்கள்.

வாங்கின் கதையிலிருந்து வாக்கின் கதைக்கு வருவோம். பாடசாலையிற் சம ஆசனப் பிரச்சினை கொதித்துக்கொண்டிருந்த அதே காலத்திலேதான், நாடு முழுவதுக்குமான மற்றொரு ‘எல்லோரும்’ எழுதப்பட்டது.

1927ஆம் ஆண்டில் டொனமூர்ப் பிரபுவின் தலைமையில் ஆணைக்குழுவொன்று இலங்கைக்கு வந்தது. அக்காலத்தில் நூற்றுக்கு நான்கு பேரளவினரே வாக்குரிமை பெற்றிருந்தனர். சொத்து, வருமானம், கல்வி ஆகியவற்றையுடைய ஆண்களே அவர்கள். இருபத்தொரு வயதான ஆண் பெண் அனைவர்க்கும் வாக்குரிமை அளிக்கவேண்டும் என்னும் கருத்தை நம் தலைவர்களிற் பலர் ஏற்கவில்லை. பெண்களுக்கெனத் தனிக் கல்லூரி நிறுவிக் கல்வித் தொண்டு புரிந்த சேர் பொன்னம்பலம் இராமநாதனும் எதிர்த்தோருள் ஒருவர். நல்லோரின் நெஞ்சிலும் ‘எல்லோரும்’ என்னும் சொல்லுக்கு ஓர் எல்லை இருக்கக்கூடும் என்பதற்கு இது சான்று.

இதற்கு மாறான நிகழ்ச்சி ஒன்றையும் சொல்லவேண்டும். 1927ஆம் ஆண்டிலேயே மாதர் வாக்குரிமைச் சங்கம் ஒன்று கொழும்பில் தோன்றியது. அதன் சார்பாக ஆணைக்குழுவின்முன் சென்றவர்களுள் அக்னஸ் டி சில்வா என்னும் அம்மையாரும் ஒருவர். தோட்டங்களில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டுமென்கிறீர்களா என்று அவரிடம் வினவப்பட்டது. வசதி படைத்த நகரத்துப் பெண்மணியான அவர் தயங்குவார் என்று கேட்டவர்கள் எண்ணியிருக்கலாம். அவரோ, அவர்களும் பெண்கள்தாமே, எல்லாப் பெண்களுக்குமே கேட்கின்றோம் என்ற கருத்துப்பட விடையளித்தார். லயத்து வாசல்வரை தம் சொல்லை அவர் கொண்டுசென்றார்.

1931ஆம் ஆண்டில் சர்வசன வாக்குரிமையின்படி முதலாவது தேர்தல் நடந்தது. பிரித்தானியாவிலேயே பெண்கள் ஆண்களோடு சமமாக இருபத்தொரு வயதில் வாக்குரிமை பெற்றது 1928ஆம் ஆண்டிலேதான். மூன்றே ஆண்டுகளில், குடியேற்ற நாடாகிய இலங்கையில் அது நடைமுறைக்கு வந்தது ஆசியாவுக்கே ஒரு புதுமை. எழுத்தறியாதோரும் வாக்களிக்கும் பொருட்டு வேட்பாளர்கள் நிறங்களினால் அடையாளங் காட்டப்பட்டனர். அட்டன் தொகுதியிலிருந்து தெரிவான பெரி சுந்தரம் தொழில் அமைச்சரானார். 1932ஆம் ஆண்டில் நேசம் சரவணமுத்து அம்மையார் வட கொழும்புத் தொகுதியின் பிரதிநிதியாக அரசாங்க சபைக்குச் சென்றார். வாக்குரிமை கொடுத்தால் நாடு கெட்டுவிடும் என்று அஞ்சியவர்களின் அச்சம் வீணாயிற்று.

எனினும் இங்கேயும் ஓர் எல்லை இருந்தது. தோட்டத் தொழிலாளரைப் பொறுத்தவரை, இந்நாட்டில் நிலையாக வாழ்வோரென்று காட்டுவதற்கான நிபந்தனைகள் விதிக்கப்பட்டிருந்தன. ‘எல்லோரும்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஓர் அடிக்குறிப்பு எழுதப்பட்டிருந்தது என்று சொல்லலாம். அந்த அடிக்குறிப்புப் பின்னாளிலே பெரிதாக வளர்ந்தது. அதற்கு வருமுன் இலவசக் கல்வியைப் பற்றிச் சில வார்த்தைகள் கூறவேண்டும்.

கல்வி அமைச்சராகப் பதினாறு ஆண்டுகள் கடமையாற்றிய சி. டபிள்யு. டபிள்யு. கன்னங்கராவின் தலைமையில் அமைந்த விசேட குழுவின் அறிக்கை 1943ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதன் பயனாக 1945ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் முதலாந் திகதி தொடக்கம் பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம்வரை கல்வி இலவசமாயிற்று. கிராமங்களில் ஐம்பதுக்கு மேற்பட்ட மத்திய கல்லூரிகள் எழுந்தன. கமக்காரன் மகனும் கடற்றொழிலாளி மகளும் வைத்தியராகவும் பொறியியலாளராகவும் வருவதற்கு வழி பிறந்தது. இன்று இவ்வுரையை நிகழ்த்தும் நானும், கேட்டுக்கொண்டிருக்கும் உங்களுட் பலரும், அவ்வழியால் வந்தவர்களே. இந்நாட்டில் வாய்ப்பின் சமத்துவத்துக்கு இதைவிடப் பெரிய வாயில் திறக்கப்பட்டதில்லை.

அந்த வாயிலும் மலையகத் தோட்டங்களை நோக்கி முழுமையாகத் திறக்கவில்லை. தோட்டப் பாடசாலைகள் தோட்ட நிருவாகத்தின் பொறுப்பிலேயே விடப்பட்டிருந்தன. ஓர் அறை, ஓர் ஆசிரியர், சில வகுப்புகள். ஐந்தாம் வகுப்போடு பெரும்பாலோரின் படிப்பு முடிந்தது. அதன்பின் கொழுந்துக் கூடையும் கவ்வாத்துக் கத்தியும் காத்திருந்தன. 1960, 1961ஆம் ஆண்டுகளில் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றபோதும் தோட்டப் பாடசாலைகள் அதில் அடங்கவில்லை. 1970களிலேதான் அவற்றை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியது. இலவசக் கல்வி எல்லோர்க்கும் என்று சொல்லப்பட்டு ஒரு தலைமுறைக்கு மேலாகிய பின்னரே அச்சொல் தேயிலைச் சரிவில் ஏறத் தொடங்கியது.

ஏன் இந்தத் தாமதம்? அதன் காரணத்தை நான் முன்னர் கூறிய அடிக்குறிப்பிலே காணலாம். சுதந்திரம் கிடைத்த 1948ஆம் ஆண்டிலேயே பிரசாவுரிமைச் சட்டம் நிறைவேறியது. இந்நாட்டிற் பிறந்தவர் என்பது மட்டும் போதாது. தந்தையும் இங்கேயே பிறந்தவரென்று காட்டவேண்டும் என்பது போன்ற விதிகள் அதிலிருந்தன. பிறப்புப் பதிவுத் துண்டு பெறுவது அரிதாயிருந்த லயங்களில், பாட்டன் காலத்துப் பத்திரத்தை யார் வைத்திருப்பார்? பெருந்தொகையான தோட்டத் தொழிலாளர் பிரசாவுரிமை இழந்தனர். 1949ஆம் ஆண்டுச் சட்டத்தால் வாக்குரிமையும் அவர்களைவிட்டு நீங்கியது. 1931இலும் 1947இலும் வாக்களித்த கைகள் 1952இல் வாக்களிக்கவில்லை. இதனை எதிர்த்துப் பிரிந்த எஸ். ஜே. வி. செல்வநாயகம் முதலானோர் 1949இல் தமிழரசுக் கட்சியை நிறுவினர்.

1964ஆம் ஆண்டு ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் உடன்படிக்கை செய்தனர். 9,75,000 பேரென்று கணக்கிடப்பட்டது. அவர்களில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்கும். எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்யலாம் என்று விடப்பட்டது. 1974ஆம் ஆண்டில் அவர்களும் இரு பாதியாகப் பங்கிடப்பட்டனர். எண்கள் சரியாகவே பிரிந்தன. குடும்பங்கள் அவ்வாறு சரியாகப் பிரியவில்லை. அண்ணன் மண்டபம் முகாமுக்கும் தம்பி மீண்டும் லயத்துக்குமாகப் புகையிரத நிலையங்களில் விடைபெற்ற காட்சிகளை மலையகத்து முதியோர் இன்றும் கண்ணீரோடு நினைவுகூர்வர். பின்னர் 1988ஆம் ஆண்டுச் சட்டமும், இறுதியாக 2003ஆம் ஆண்டுச் சட்டமும் எஞ்சியிருந்தோர்க்கு இலங்கைப் பிரசாவுரிமையை அளித்தன. 1948இற் பிறந்த குழந்தை ஒன்று, தான் பிறந்த நாட்டின் பிரசையாவதற்கு ஐம்பத்தைந்து வயதுவரை காத்திருக்க நேர்ந்திருக்கலாம்.

1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் பன்னிரண்டாம் உறுப்புரையை இவ்விடத்தில் ஊன்றிப் படிப்பது நல்லது. சட்டத்தின்முன் ஆட்கள் எல்லோரும் சமமானவர்கள் என்று அதன் முதற்பகுதி கூறுகின்றது. இனம், மதம், மொழி, சாதி, பால் முதலிய காரணங்களால் பிரசை எவரும் ஓரங்கட்டப்படலாகாது என்பது அடுத்த பகுதியின் கருத்து. முதற்பகுதியில் ‘ஆட்கள்’, அடுத்ததில் ‘பிரசை’. அச்சொல் மாற்றத்துக்கிடையே உள்ள சிறு இடைவெளியிலே அன்று இலட்சக்கணக்கான மனிதர் நின்றிருந்தார்கள்.

மொழியின் வரலாறும் இத்தகையதே. 1956ஆம் ஆண்டில் சிங்களம் மட்டுமே அரசகரும மொழியென்று சட்டமாயிற்று. அக்குறையும் அதனோடு சேர்ந்த பிற குறைகளும் 1983 தொடக்கம் 2009வரை நீடித்த யுத்தத்துக்கு இட்டுச்சென்ற காரணங்களுள் அடங்குவன. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் தமிழும் அரசகரும மொழியாகும் என்றது. ஆயினும், தன் மொழியில் ஒரு படிவம் கிடைக்காமல், தான் வாசிக்க முடியாத கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதை வாசித்துச் சொல்ல ஒருவரைத் தேடி நிற்கும் முதியவரை இன்றும் நாம் அரசாங்க அலுவலக வாசல்களிற் காண்கின்றோம்.

நேயர்களே, எல்லோரையும் ஒரே வகையாக நடத்துவதே சமத்துவம் என்று கொண்டால் போதுமா என்னும் வினா இங்கே எழுகின்றது. பாடசாலை நடத்துவோர் நாள்தோறும் எதிர்கொள்ளும் வினா இது. பத்து மைல் நடந்து வரும் பிள்ளைக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் ஒரே மணியை அடிக்கின்றோம். பிந்தி வந்ததற்கு இருவரையும் ஒரே வகையாகத் தண்டித்தால் அது சமமா? அன்று. பின்தங்கியோர்க்குச் சிறிது கூடுதலாகக் கொடுப்பதும் சமத்துவத்தின் ஒரு பகுதியே.

ஆனால், அந்தக் கூடுதலை எந்த அளவுகோலால் அளப்பது என்பதிலே பிழை நேர்ந்துவிடலாம். 1970களின் தொடக்கத்திற் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் புகுத்தப்பட்டபோது, எந்த மொழியிற் பரீட்சை எழுதினாரென்பதைக் கொண்டு வெவ்வேறு புள்ளிகள் கேட்கப்பட்டன. ஒரே தகுதியுடைய இருவரிடையே மொழி வேலியாயிற்று. தமிழ் இளைஞரின் நெஞ்சில் அது ஆறாப் புண்ணாயிற்று. பின்னர் மாவட்ட அடிப்படை வந்தது. மருத்துவம், பொறியியல் போன்ற துறைகளில் நூற்றுக்கு 40 இடங்கள் நாடளாவிய திறமைக்கும், 55 மாவட்டங்களின் சனத்தொகைக்கும், 5 கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என்னும் முறை நீண்டகாலமாக வழங்கி வருகின்றது. மன்னார், முல்லைத்தீவு, மொனராகலை, நுவரெலியா ஆகிய மாவட்டங்களின் பிள்ளைகள் இதனாற் பயன்பெற்றனர். எனினும், மாவட்டம் ஒன்றாயினும் மலைச்சரிவுகள் ஒன்றல்ல. நகரத்துப் பெரிய பாடசாலையில் ஆய்வுகூடத்தோடு படிக்கும் பிள்ளையும், விஞ்ஞான ஆசிரியரே இல்லாத தோட்டத்துப் பிள்ளையும் ஒரே மாவட்டத்தின் பெயரால் ஒரே வரிசையில் நிற்கின்றனர். அளக்க வேண்டியது பிள்ளையின் மொழியையுமன்று, மாவட்டத்தின் பெயரையுமன்று. அப்பிள்ளைக்கு எது கிடைக்கவில்லை என்பதையே.

இதனை நான் நூலிற் படித்து அறிந்ததிலும், ஒரு கடிதத்தால் அறிந்ததே மிகுதி. இளம் ஆசிரியனாக மலையகத்துப் பாடசாலையொன்றிற் கடமையாற்றிய காலத்தில் நடந்தது அது.

முதல் நாள் வரவு இடாப்பை எழுதியபோது, முகவரி என்னும் இடத்தில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே முகவரியைச் சொன்னார்கள். தோட்டத்தின் பெயர், பிரிவின் பெயர், தபாற் கந்தோரின் பெயர். அவ்வளவுதான். லயத்துக்கு இலக்கமில்லை, வீட்டுக்கு இலக்கமில்லை, பாதைக்குப் பெயரில்லை. நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்கு ஒரே முகவரி. கடிதங்கள் தோட்டக் காரியாலயத்துக்கு வரும். காரியாலயத்திலிருந்து பிரிவுக்கு வரும். யாரேனும் அவ்வழியே போனால் லயத்துக்கு வரும். அன்று அது எனக்கு ஒரு வேடிக்கையாகவே பட்டது. எழுதுவது எளிதாயிற்றே என்றுகூட எண்ணினேன்.

உயர்தர வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். தாய் கொழுந்து பறிப்பவர். ஆசிரியையாக வேண்டும் என்பதே அவளது விருப்பம். ஆசிரியப் பயிற்சிக்கு விண்ணப்பங் கோரப்பட்டபோது, வகுப்பில் நின்று, ‘எல்லோரும் விண்ணப்பியுங்கள்’ என்று நான் சொன்னேன். அவளது படிவத்தை நானே சரிபார்த்துக் கொடுத்தேன். பெறுபேறும் போதுமானதாயிருந்தது. நேர்முகப் பரீட்சைக்கு அழைப்பும் வந்தது. ஆனால், அக்கடிதம் அவள் கையை அடைந்தபோது நேர்முகப் பரீட்சை முடிந்து மூன்று நாள்களாகியிருந்தன. கடிதத்தை அவள் என்னிடம் கொண்டுவந்து காட்டினாள். அழவில்லை. ‘சேர், இனிப் போகலாமா?’ என்று மட்டுமே கேட்டாள். நான் விசாரித்துப் பார்த்தேன். இடங்கள் நிரப்பப்பட்டுவிட்டன என்ற விடையே கிடைத்தது.

யாரைக் குறைகூறுவது? கடிதத்தை அனுப்பியவர் உரிய காலத்தில் அனுப்பினார். தபாற்காரர் எழுதியிருந்த முகவரியிற் சேர்த்தார். கந்தோரில் இருந்தவர் பிறகு கொடுப்போம் என்று மேசையில் வைத்தார். சட்டம் எவ்வகையிலும் மீறப்படவில்லை. அவள் பிரசை, அவளுக்குக் கல்வி இலவசம், பரீட்சை எல்லோர்க்கும் ஒன்று, தெரிவும் தகுதிப்படியே நடந்தது. அத்தனை சமத்துவங்களும் அவளது தோட்டக் காரியாலயத்து மேசைவரை வந்து அங்கேயே நின்றுவிட்டன. அந்த மேசைக்கும் அவளது லயத்து வாசலுக்கும் இடையே ஒரு மைல் தூரம். ‘எல்லோரும் விண்ணப்பியுங்கள்’ என்று சொன்ன நானும், அக்கடிதம் எந்த வழியால் அவளை வந்தடையும் என்று கேட்கவில்லை. இடாப்பில் ஒரே முகவரியைப் பல தடவை எழுதிய கை என்னுடையதே.

அன்று தொடக்கம், விண்ணப்பம் அனுப்பும் பிள்ளைகளுக்கு விருப்பமிருந்தாற் கடிதத் தொடர்புக்குப் பாடசாலையின் முகவரியையே எழுதச் சொல்லி வந்திருக்கின்றேன். கடிதம் வந்த அன்றே அதனைப் பிள்ளையின் கையிற் சேர்ப்பித்தல் அலுவலகத்தாரின் கடமை என்று வைத்தேன். இது பெரிய காரியமன்று. ஒரு முத்திரைச் செலவும் இதிலில்லை. ஆயினும், இச்சிறு ஏற்பாட்டால் உரிய நாளிற் பரீட்சைக்கும் பயிற்சிக்கும் சென்ற பிள்ளைகள் பலர். அந்த மாணவி இன்று தன் தோட்டத்திலேயே முன்பள்ளி ஆசிரியை. நல்ல ஆசிரியை என்று அப்பகுதியார் சொல்லக் கேட்டிருக்கின்றேன். தன் பிள்ளைகளின் பெயர்களுக்கு வரும் கடிதங்களைத் தபாற் கந்தோருக்குத் தானே நடந்து சென்று வாங்குகிறாளாம்.

இன்றும் மலையகத்திற் பெருந்தொகையானோர் லயங்களிலேயே வாழ்கின்றனர். தமக்கென ஒரு துண்டு நிலமும், அந்த நிலத்துக்கு ஓர் இலக்கமும் வேண்டும் என்று அவர்கள் கேட்பதன் பொருள் இப்போது உங்களுக்கு விளங்கும். பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்து ஒரு நூற்றாண்டை நெருங்குகின்றோம். உலகின் முதலாவது பெண் பிரதமரை 1960இல் இந்நாடு கண்டது. ஆயினும், 2024ஆம் ஆண்டுத் தேர்தலின் பின்னும் 225 பாராளுமன்ற உறுப்பினருட் பெண்கள் பத்தில் ஒரு பங்கை எட்டவில்லை. சாதியின் பெயரை வாயாற் சொல்ல நாணுகின்ற நாம், கலியாணப் பேச்சு வரும்போது அதை மெதுவாக விசாரிக்கின்றோம். சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைக்கு நம் பாடசாலைகளிற் பலவற்றில் மேல்மாடி வகுப்பு எட்டாத உயரத்திலேயே இருக்கின்றது. இலட்சியம் இன்னும் பாதி வழியிலேதான்.

பாதி வழி என்பதற்காக மனம் தளர வேண்டியதில்லை. கடந்து வந்த தூரமும் சிறிதன்று. தரையிலிருந்த பிள்ளை வாங்கில் ஏறினான். கைநாட்டிடவும் அறியாத தாய் வாக்களித்தாள். நாடற்றவர் என்று எண்ணப்பட்டவர் நாட்டின் பிரசையானார். இவற்றில் எதுவும் தானாக நிகழவில்லை. யாரோ ஒருவர், ‘எல்லோரும் என்கிறீர்களே, அங்கே நிற்பவர்?’ என்று கேட்டார். அவ்வாறு கேட்டவர் சில வேளை வெளியே நின்றவரே. சில வேளை, அக்னஸ் அம்மையாரைப் போல, உள்ளே இருந்துகொண்டே வெளியே நின்றவருக்காகக் கேட்டவர்.

ஆகவே, நேயர்களே, நீங்கள் ஆசிரியராயிருப்பின், ‘எல்லோரும்’ என்று சொன்னபின் கரும்பலகையின் பக்கம் உடனே திரும்பாதீர்கள். கடைசி வாங்குவரை ஒரு தடவை நடந்து சென்று பாருங்கள். நீங்கள் அலுவலகத்தில் இருப்பவராயின், மேசையில் இருக்கும் கடிதம் யாருடையது, அது எவ்வளவு நாளாக அங்கே இருக்கின்றது என்று பாருங்கள். கோயில் தருமகர்த்தாவாயின், வாயிலில் தயங்கி நிற்பவர் யாரென்று பாருங்கள். சட்டமியற்றுவோர் தம் கடமையைச் செய்யட்டும். அவர்கள் செய்யும்வரை கேட்டுக்கொண்டேயிருப்பது நம் கடமை. ஆனால், அவர்கள் எழுதிய சொல்லைக் கடைசி ஒரு மைல் தூக்கிச் செல்லும் வேலை நம்முடையது.